ஷபானா ஆஸ்மி, கான் திரைப்பட விழாவுக்குப் போகாத வருஷம்

"ஷபானா ஆஸ்மியை ஏன் இவ்வளவு பெரிய நடிகை என்கிறார்கள்? நான் பார்த்ததெல்லாம் 2023-இல் வந்த அந்த ரன்வீர் சிங் - ஆலியா பட் படத்தில் தர்மேந்திராவுக்கு முத்தம் கொடுத்த பாட்டியாகத்தான். சமூக சேவை என்கிறார்களே, அது மற்ற நட்சத்திரங்கள் செய்கிற மாதிரி போட்டோவுக்கான சேவைதானா?" இதுதான் கேள்வி. கேட்டவருக்கு இருபது வயசுக்கு மேல் இருக்காது என்று நினைக்கிறேன். கோபப்பட ஒன்றுமில்லை, அந்தப் படத்திலிருந்து ஆரம்பித்தால் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரும்.

நடிப்பைத் தனியாகவும் சேவையைத் தனியாகவும் பிரித்துச் சொன்னால் இவர் விஷயம் புரியாது. இவருடைய சமூக வேலையில் பெரும்பகுதி, நடித்த பாத்திரங்கள் வீடு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்ததால் தொடங்கியது. அதனால் படங்களிலிருந்தே வருகிறேன்.

1950-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். அப்பா கைஃபி ஆஸ்மி, உருதுக் கவிஞர், கம்யூனிஸ்ட் கட்சியின் முழுநேர ஊழியர். அம்மா ஷௌகத், பிருத்வி தியேட்டரில் நாடக நடிகை. பம்பாயில் கட்சியின் கம்யூனில், ரெட் ஃபிளாக் ஹால் என்று பெயர், குடும்பத்துக்கு ஓர் அறை, எல்லாருக்கும் பொதுவாகக் கழிப்பறை என்று வளர்ந்த பெண். வசதியான வீட்டுப் பெண் ஏழைகளைப் பார்த்து இரக்கப்பட்ட கதை இல்லை இது என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் ஏழை வீட்டுக் கதையும் இல்லை. நல்ல பள்ளிக்கூடம், செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி, அப்புறம் பூனா திரைப்படக் கல்லூரி. ஜெயா பாதுரி அங்கே மாணவியாக நடித்த ஒரு குறும்படத்தைப் பார்த்துத்தான் தானும் அங்கே சேர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

வெளியான முதல் படம் 1974-இல் வந்த ஷியாம் பெனகலின் 'அங்குர்'. தெலங்கானா கிராமம், பண்ணையார் மகன், வேலைக்காரி லட்சுமி, வாய் பேசாத அவள் புருஷன். நகரத்தில் வளர்ந்த பெண்ணுக்குக் கிராமத்து வேலைக்காரியின் உடம்பு வர வேண்டும் என்று, மற்றவர்கள் மேசையில் சாப்பிடும்போது இவரைத் தரையில் குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லியிருக்கிறார் பெனகல். ஒருநாள் கல்லூரிப் பையன்கள் சிலர் வந்து கதாநாயகி எங்கே என்று கேட்டார்களாம், தரையில் உட்கார்ந்திருந்த இவரிடமே. அவங்க இங்கே இல்லையே என்று இவர் சொல்ல, அவர்களும் நம்பிப் போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் மேசைக்கு வர அனுமதி கிடைத்ததாம். படத்தைப் பாருங்கள், லட்சுமி அரிசி திருடி மாட்டிக்கொள்ளும் இடத்தில் அந்தத் தோள்கள் ஒடுங்குகிற விதம், கடைசியில் புருஷனைச் சாட்டையால் அடித்த பண்ணையார் மகனின் வீட்டு வாசலில் நின்று சாபம் விடுகிற குரல், இரண்டும் ஒரே ஆளுடையதா என்று தோன்றும். முதல் படத்திலேயே தேசிய விருது.

அடுத்த பத்து வருஷம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெனகல், சத்யஜித் ராய், மிருணாள் சென், சாய் பராஞ்ச்பே என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் 'ஃபகீரா', 'அமர் அக்பர் அந்தோணி' மாதிரி முழுக் கமர்ஷியல் படங்கள். கலைப் படத்துக்காரி கமர்ஷியலைத் தொடமாட்டார் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள், தப்பு. மரத்தைச் சுற்றி ஓடவும் செய்தார், அதில் அவர் பெரிதாக ஜொலிக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். டூயட் பாடும்போது அவர் முகத்தில் ஒரு சங்கடம் தெரியும். எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறதோ என்னவோ.

'அர்த்' (1982), 'கண்டஹர்' (1983), 'பார்' (1984), மூன்றுக்கும் வரிசையாக மூன்று வருஷம் தேசிய விருது. பிறகு 'காட்மதர்' (1998). மொத்தம் ஐந்து முறை சிறந்த நடிகை. இதை இன்னும் யாரும் தாண்டவில்லை. இருந்தாலும் விருதுக் கணக்கை விட 'அர்த்'தும் 'பார்'உம்தான் உங்கள் கேள்விக்குத் தேவை.

'அர்த்' கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம், தெரியாமலே. பாலு மகேந்திரா 1993-இல் எடுத்த 'மறுபடியும்' அதன் தமிழ் வடிவம்தான். இங்கே ரேவதி செய்ததை அங்கே ஷபானா செய்தார், ரோகிணி செய்ததை ஸ்மிதா பாட்டீல். இரண்டிலும் விட்டுப் போன கணவன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிறான். நீ செய்ததை நான் செய்துவிட்டு வந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பாயா என்று மனைவி கேட்கிறாள். மாட்டேன் என்கிறான். சரி, போய்விட்டு வா. அதோடு நிற்காமல், தன்னை நேசிக்கிற நல்லவனையும் வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தனியாக, வேலைக்காரியின் குழந்தையை வளர்த்துக்கொண்டு வாழப்போகிறாள். 1982-இல் விநியோகஸ்தர்களுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை, மனைவி கணவனை மன்னிக்காமல் ஒரு படம் முடிந்தால் ஓடாது என்றார்கள். மாற்றவில்லை. ஓடியது.

படம் ஓடிய பிறகு நடந்ததைத்தான் ஷபானா பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாத பெண்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். ஆட்டோகிராஃப் வாங்க இல்லை. தங்கள் கல்யாணத்தில் நடக்கிறதைச் சொல்லி, நான் என்ன செய்யட்டும் என்று கேட்க. திரையில் பூஜா என்ற அந்த மனைவி எடுத்த முடிவை எடுக்கத் தைரியம் கொடுத்தது இவர்தான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இவருக்கோ முதலில் பயம், நான் வெறும் நடிகை, வசனத்தை வேறு யாரோ எழுதியது, நான் எப்படி இவர்களுக்கு யோசனை சொல்வது என்று. நம் ஊரிலும் ரசிகர்கள் பாத்திரத்தையும் நடிகரையும் ஒன்றாக்கிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது கட்சி தொடங்குவதில் போய் முடியும். இங்கே ஒரு நடிகை பெண்கள் இயக்கத்தோடு பேச ஆரம்பிப்பதில் முடிந்தது. (அந்தப் படத்துக்குப் பாட்டு எழுதியவர்களில் அப்பா கைஃபியும் ஒருவர். ஜக்ஜித் சிங் பாடிய, சிரிப்புக்குப் பின்னால் எந்தத் துக்கத்தை மறைக்கிறாய் என்று கேட்கிற அந்தப் பாட்டு அவர் எழுதியதுதான். மகள் அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறாள், பின்னால் அப்பாவின் வரிகள்.)

அடுத்தது 'பார்'. கௌதம் கோஷ் இயக்கம். பீகார் கிராமத்தில் பண்ணையார் ஆட்களின் வன்முறைக்குத் தப்பி, ஒரு தலித் கூலித் தம்பதி கல்கத்தாவுக்கு ஓடிவருகிறார்கள். வேலை கிடைக்கவில்லை. கடைசியில், ஊர் திரும்பக் காசு வேண்டுமே என்று, ஒரு பன்றி மந்தையை ஆற்றைக் கடந்து அக்கரைக்கு ஓட்டிப் போகும் வேலையை ஒப்புக்கொள்கிறார்கள். அவள் கர்ப்பிணி. நஸ்ருதீன் ஷாவும் ஷபானாவும் நிஜமாகவே தண்ணீருக்குள் பன்றிகளோடு நீந்துகிறார்கள், காட்சி நீண்டுகொண்டே போகிறது, பார்க்கிற நமக்கே மூச்சு முட்டும். அக்கரை சேர்ந்ததும் வயிற்றில் குழந்தை செத்துப்போயிருக்குமோ என்று அவள் பயப்பட, அவன் வயிற்றில் காதை வைத்துக் கேட்கிறான். நஸ்ருதீனுக்கு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது வந்தது இதற்குத்தான். இப்படிப்பட்ட பெண்களின் ஒற்றை அறை வாழ்க்கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அவர்கள் நடை, பேச்சு, உட்காரும் விதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்து நடித்து விருதும் வாங்கிவிட்டு, அவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போவது எப்படி என்ற கேள்வி தன்னைப் பிடித்துக்கொண்டது என்று ஷபானா பிறகு பலமுறை பேசியிருக்கிறார். அதை வெறும் பேச்சு என்று சொல்லலாம்தான், 1986 இல்லாமல் இருந்திருந்தால்.

கொஞ்சம் பின்னணி. 1981-இல் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே பம்பாய் நடைபாதைவாசிகளைப் பிடித்து ஊருக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பிழைப்பும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் அழகாகச் சொன்னது, ஆனால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டு அப்புறப்படுத்தலாம் என்றும் சொல்லிவிட்டது. சட்டப் புத்தகங்களில் முதல் பாதியைப் பாராட்டுவார்கள். புல்டோசர் வந்தது இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டு.

அடுத்த வருஷம் இடிபட்ட இடங்களில் ஒன்று தென் பம்பாயில், நரிமன் பாயின்ட் பக்கம், சஞ்சய் காந்தி நகர் என்ற குடிசைப் பகுதி. அங்கே இருந்தவர்களில் பலர் கட்டடத் தொழிலாளர்கள், சுற்றிலும் நிற்கிற உயரமான கட்டடங்களைக் கட்டியவர்களே அவர்கள்தான். நிவாரா ஹக் என்ற வீட்டுரிமை அமைப்போடு ஷபானா அதற்குள் பழக ஆரம்பித்திருந்தார். ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனும் அதில் இருந்தார், பம்பாய்க் குடிசைகளைப் பற்றி அவர் எடுத்த படம் முந்தைய வருஷம்தான் வந்திருந்தது. மாற்று இடம் கொடுக்கும்வரை உண்ணாவிரதம் என்று முடிவானது.

அதே நேரத்தில் மிருணாள் சென்னின் 'ஜெனிஸிஸ்' கான் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவுக்குத் தேர்வாகியிருந்தது. ஷபானா அதன் நாயகி. போக வேண்டியவர், பயணத்தை ரத்து செய்துவிட்டு, குடிசைவாசிகளோடு உண்ணாவிரதத்தில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்கு ஒரே கவலை. அப்பா அப்போது பாட்னாவில் இருந்தார், மகளைத் தடுக்கச் சொல்லி அவரிடம் கேட்டால் அவரிடமிருந்து வந்தது ஒரு தந்தி: "வாழ்த்துகள், தோழர்."

உண்ணாவிரதம் ஐந்து நாள் நீடித்தது. சினிமாக்காரர்களில் சஷி கபூர் போன்றவர்கள் அரசிடம் பேசினார்கள். கடைசியில் அரசு இறங்கிவந்து, கோரேகாவ் பக்கம் திண்டோஷியில் மாற்று நிலம் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இதை முழு வெற்றி என்று நான் எழுதமாட்டேன். நரிமன் பாயின்ட் எங்கே, கோரேகாவ் எங்கே. சென்னைக்காரர்களுக்குச் சொல்வதானால், ஊருக்குள் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்குக் கொண்டுபோய் வைத்த கதைதான், வேலை ஒரு மூலையில் வீடு ஒரு மூலையில். ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் பம்பாயில் குடிசையை இடித்தால் அதோடு சரி, போக்கிடம் உன் பாடு. ஒன்றுமே கிடைக்காது என்றிருந்த இடத்தில் நிலம் வாங்கினார்கள். அந்த நிலத்தில் ஜனங்களே கூட்டுறவாக வீடு கட்டிக்கொண்டார்கள்.

நம் ஊரில் நடிகர் சேவை என்றால் என்ன? தையல் மிஷின், மூன்று சக்கர வண்டி, வெள்ளம் வந்தால் நிவாரண நிதிக்குக் காசோலை. குறை சொல்லவில்லை, வாங்கியவருக்கு அது உபயோகம்தான். ஆனால் அதில் எந்த அரசுக்கும் கோபம் வராது. கொடுப்பவருக்கு நல்ல பெயர், வாங்குபவருக்கு ஒரு பொருள், எல்லாருக்கும் சந்தோஷம். நிவாரா ஹக் செய்தது அந்த வகை இல்லை. எந்த மாநகராட்சியின் விழாவுக்கு நட்சத்திரம் தலைமை தாங்க வேண்டுமோ, அதே மாநகராட்சியின் புல்டோசருக்கு முன்னால் போய் நிற்பது. சேவை என்ற சொல்லே இதற்குப் பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம்.

உண்ணாவிரதத்தோடு ஒதுங்கவும் இல்லை. போரிவலி தேசியப் பூங்காவுக்குள் இருந்த குடிசைகளை அகற்ற வேண்டும் என்று 1997-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. தகுதியுள்ள குடும்பம் 7,000 ரூபாய் கட்டினால் மாற்று இடம். தினக்கூலிக்காரனுக்கு அந்தக் காலத்தில் 7,000 ரூபாய் என்றால் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். இங்கும் நிவாரா ஹக் புகுந்தது, கட்டடக் கலைஞர் பி.கே. தாஸ் திட்டம் போட்டார், சாண்டிவலியில் சுமார் 12,000 குடும்பங்களுக்கான மாடிக் குடியிருப்பாக அது வளர்ந்தது. பெயர் சங்கர்ஷ் நகர், போராட்ட நகர் என்று அர்த்தம். இதுவும் பல வருஷம் இழுத்தடித்துத்தான் நடந்தது. இந்த மாதிரி வேலையில் கேமரா வருகிற நாட்கள் ரொம்பக் கம்மி, மீதியெல்லாம் ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், 1995-க்கு முன்னால் குடியிருந்ததற்கு அத்தாட்சி என்று காகிதத்தோடு மல்லுக்கட்டுவதுதான்.

போட்டோவுக்கான சேவையா என்று கேட்டீர்கள் அல்லவா, இன்னொரு சம்பவம். 1988-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அடுத்த ஜனவரியில், தில்லிக்குப் பக்கத்தில் வீதி நாடகம் போட்டுக்கொண்டிருந்த சஃப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு இறந்தார். சில நாட்களில் தில்லியில் அரசு நடத்தும் சர்வதேசத் திரைப்பட விழா. மேடையேறிய ஷபானா, அந்தக் கொலையைக் கண்டித்தும் ஆளுங்கட்சியைச் சாடியும் ஓர் அறிக்கையை வாசித்துவிட்டார். அரசின் மேடை, அரசின் மைக். அதே 1989-இல் சுவாமி அக்னிவேஷ், அஸ்கர் அலி எஞ்சினியர் ஆகியோரோடு மத நல்லிணக்கத்துக்காகத் தில்லியிலிருந்து மீரட்டுக்கு நான்கு நாள் நடந்தார். இரண்டு வருஷம் முன்னால்தான் மீரட்டில் பெரிய கலவரம் நடந்திருந்தது.

எல்லாப் பக்கத்திலிருந்தும் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். இவர் நடித்த, தீபா மேத்தாவின் 'ஃபயர்' 1998-இல் இந்தியாவில் வெளியானபோது, இரண்டு மருமகள்களுக்கு இடையிலான காதலைக் காட்டுகிறது என்று சிவசேனைக்காரர்கள் தியேட்டர்களை உடைத்தார்கள். அப்போது இவர் ராஜ்யசபாவின் நியமன உறுப்பினர் (1997 முதல் 2003 வரை). பதவியில் இருக்கும்போது அடக்கி வாசிப்பது வழக்கம், இவர் வாசிக்கவில்லை. 2000-இல் அதே இயக்குநரின் 'வாட்டர்' படத்துக்காக, காசி விதவையாக நடிக்கத் தலையை மொட்டையடித்துக்கொண்டு போனார், நந்திதா தாசும் கூட. செட்டை உடைத்துக் கங்கையில் எறிந்தார்கள், படப்பிடிப்பு நின்றுபோனது. பின்னர் வேறு நடிகைகளை வைத்து இலங்கையில் எடுக்கப்பட்டது. அந்தப் படத்தின் கணக்கில் ஷபானாவுக்கு மிஞ்சியது மொட்டைத் தலை மட்டும்தான். 2001-இல் ஆப்கானிஸ்தானுக்குப் போய்ப் போரிட முஸ்லிம்களை அழைத்த தில்லி ஜும்மா மசூதி இமாமை, அப்படியானால் முதலில் இவரையே கந்தஹாரில் இறக்கிவிடலாமே என்று கேட்டார். ஆடிப்பாடுகிறவளுக்கெல்லாம் பதில் சொல்ல முடியாது என்கிற மாதிரி டிவியிலேயே திட்டு வந்தது. இந்தப் பக்கமும் திட்டு, அந்தப் பக்கமும் திட்டு.

எய்ட்ஸ் என்றாலே ஜனங்கள் ஒதுங்கிப்போன காலத்தில், எச்.ஐ.வி. உள்ள ஒரு குழந்தையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு, இவளுக்கு வேண்டியது உங்கள் வெறுப்பில்லை, அன்பு என்று பேசிய அரசு விளம்பரத்தில் வந்ததும் இவர்தான். 1998-இல் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் இந்தியாவுக்கான நல்லெண்ணத் தூதராக்கியது. இந்த மாதிரிப் பட்டங்கள் நிறையப் பேருக்கு உண்டு, இதில் நிற்கவில்லை.

மிஜ்வானைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். உத்தரப் பிரதேசம் ஆசம்கர் மாவட்டத்தில் கைஃபி பிறந்த கிராமம். 1973-இல் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்த மனிதர், வயசான காலத்தில் சொந்த ஊருக்குத் திரும்பிப் போய், சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தபால் நிலையத்துக்கும் மனுப் போட்டு அலைந்தார். 1993-இல் மிஜ்வான் நலச் சங்கத்தைத் தொடங்கினார். 2002-இல் அவர் போன பிறகு பொறுப்பு மகளுக்கு வந்தது. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கம்ப்யூட்டர் மையம், தையல், லக்னோ பாணி சிக்கன்காரி எம்ப்ராய்டரிப் பயிற்சி. அந்த எம்ப்ராய்டரியை ஆடை வடிவமைப்பாளர் மனீஷ் மல்ஹோத்ரா எடுத்து உடைகளாக்கி, மும்பையில் பெரிய நட்சத்திரங்களை ராம்ப்பில் நடக்கவைத்து நிதி திரட்டுகிறார்கள். இந்த இடத்தில் மட்டும் உங்கள் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. பளபளப்பு எனக்கும் உறுத்தும். ஆனால் ஆர்டர் வந்தால்தான் கிராமத்தில் ஊசி ஓடும், அந்த வருமானம் பெண்ணின் கைக்கு வந்தால்தான் பதினாறு வயசில் கல்யாணம் என்று அப்பன் பேசும்போது அவள் எதிர்த்துப் பேச முடியும். புல்டோசர் முன்னால் நின்றவர் ராம்ப் பக்கத்திலும் நிற்கிறார், என்ன செய்ய. தில்லிக்கும் ஆசம்கருக்கும் ஓடுகிற ரயிலுக்கு கைஃபியாத் எக்ஸ்பிரஸ் என்று பெயர். கட்சி கம்யூனில் ஓர் அறையில் குடும்பம் நடத்திய கவிஞரின் பெயரில் ரயில்.

நடிப்பையும் நிறுத்தவில்லை. குழந்தைகள் படத்தில் சூனியக்காரியாக ('மக்டீ', 2002), 'மார்னிங் ராகா'வில் நம் கர்நாடக சங்கீதப் பாடகியாக, 'ஹேலோ' தொடரில் விண்வெளி அட்மிரலாக, இப்போது நெட்ஃபிளிக்ஸில் 'டப்பா கார்ட்டெல்' வரைக்கும். எல்லாம் உசத்தி என்று சொல்லமாட்டேன், சிலவற்றில் கம்பீரமாக வந்து நிற்பதற்கு மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று அடுத்துக் கேட்பீர்கள். முதலில் 'மறுபடியும்', பிறகு 'அர்த்', இந்த வரிசையில் பாருங்கள். ரேவதியைப் பார்த்த கண்ணோடு போனால், அந்தப் பார்ட்டிக் காட்சியில், புடவை நழுவ, குடித்துவிட்டு எல்லார் முன்னாலும் ஷபானா கத்தும்போது ஒப்பிட ஒன்று கையில் இருக்கும். யார் பெரியவர் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், எனக்கு இன்னும் முடிவாகவில்லை. 'அங்குர்' அடுத்தது. 'பார்' கடைசியாக, ராத்திரி வேண்டாம், பகலில் பாருங்கள், அந்த ஆற்றுக் காட்சிக்கு அப்புறம் தூக்கம் வராது.